பறிப்புக்கு முன்னால் பணம் அனுப்புங்கள்

சிறப்புத் தரக் காபியை வாங்கி வறுத்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். காபியை உறிஞ்சிச் சுவைத்து மதிப்பெண் போடுவது என் தொழில். நூற்றுக்கு 80 வந்தால் ஸ்பெஷாலிட்டி, அதாவது சிறப்புத் தரம். அதற்குக் கீழே இறங்கினால் சாதாரணச் சரக்கு. எத்தனையோ சரக்குகளை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளியிருக்கிறேன். அவற்றில் ஒன்று இன்னும் உறுத்துகிறது.

சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலிருந்து இரண்டு மாதிரிகள் வந்தன. ஒரே மலை, ஒரே ரகம், ஒரு வார இடைவெளியில் பறித்தவை. முதலாவதில் மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தது, 86 போட்டேன். இரண்டாவதில் ஊறிக் கெட்ட பழத்தின் வாடை. ‘பதப்படுத்தலில் கவனக்குறைவு’ என்று எழுதி 79 போட்டேன். வாங்க இருந்தவர் அந்தச் சரக்கைக் கைகழுவினார். மறு ஆண்டு அந்தச் சங்கத்துக்கே போனபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த வாரம் சங்கத்தின் பெட்டியில் பணம் தீர்ந்திருந்தது.

நான் போன மாலையில் ஒரு பெண்மணி இரண்டு சாக்குப் பழத்தை எடைமேடையில் இறக்கினார். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பறித்த சில மணி நேரத்திலேயே பழம் நொதிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும். எழுத்தர் எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுத்தார். “பணம் எப்போது கிடைக்கும்?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி. எழுத்தர் பதில் சொல்லாமல் பேரேட்டைப் புரட்டினார். சாலையோரம் தனியார் வியாபாரியின் லாரி நின்றுகொண்டிருந்தது. அவர் தருவது குறைந்த விலைதான், ஆனால் ரொக்கம்.

முந்தைய ஆண்டும் இதுதான் நடந்திருக்கிறது. சிலர் லாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள், நாளைக்குப் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பழத்தை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மறுநாள் அந்தச் சாக்குகளும் புதிய பழத்தோடு ஒரே தொட்டிக்குப் போயின. ஒரு குடம் பாலுக்குத் துளி உறைமோர் போதாதா?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு, அதாவது வறுக்காத காபிக் கொட்டைக்கு, ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். 60 கிலோ மூட்டை ஒன்றுக்கே 300 கிலோவுக்கு மேல் ஆகிறது. அத்தனைக்கும் பறிப்புக் காலத்தில் அன்றன்றே பணம் தர வேண்டும். பிறகு தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை வாரக்கணக்கில் காயவைத்து, ஆறப்போட்டு, ஓடு நீக்கிக் கப்பலேற்ற மாதங்கள் போய்விடும். உங்கள் பணம் அதற்கப்புறம்தான் வருகிறது. ‘மாதிரி பிடித்தால் வாங்குவோம், பிடிக்காவிட்டால் ஒப்பந்தமே இல்லை’ என்ற பிரிவு இருந்தால் அதுவும் உறுதியில்லை. அந்த மாதிரியில் 85 போட்ட அதே ஆள் அடுத்த நாள் 84 போடக்கூடும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பீர்கள். 2019-இல் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காபி ஒரு பவுண்டு எடை ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 2025-இன் தொடக்கத்தில் நான்கு டாலரைத் தாண்டியது. விவசாயிக்குக் கொண்டாட்டம், சங்கத்துக்குத் திண்டாட்டம். அதே பழத்தை வாங்க நான்கு மடங்கு ரொக்கம் வேண்டும். பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் கதை முடிந்தது. உங்களுக்குக் கிடைக்கிற வட்டியில் அவர்களுக்குக் கடன் கிடைப்பதும் இல்லை.

சங்கங்களையெல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வரவு செலவை உறுப்பினர் கண்ணில் காட்டாத செயலாளர்களையும், உறுப்பினருக்குத் தர வேண்டிய இரண்டாம் தவணையை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் நிர்வாகங்களையும் பார்த்திருக்கிறேன். கணக்கைக் கேளுங்கள், தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கேட்கும் உரிமை முன்பணம் கொடுத்தவருக்குத்தானே இருக்கும்?

இது புதிய யோசனையும் அல்ல. சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 விழுக்காடு வரை முன்பணமாகத் தர வேண்டும் என்று, நியாய வணிகத்துக்கு முத்திரை தரும் ஃபேர்டிரேட் அமைப்பின் விதிகளிலேயே இருக்கிறது. அந்த முத்திரையைவிட அதிக விலை தருவதாகச் சொல்லி உங்களில் பலர் அதை ஒதுக்கிவிட்டீர்கள். விலையில் அதைத் தாண்டினீர்கள், சரி. முன்பணத்தில் அதன் கிட்டவே வரவில்லையே.

நான் கேட்பது இவ்வளவுதான். பறிப்பு தொடங்கும் முன்பே அந்த 60 விழுக்காட்டை அனுப்புங்கள். 86 வாங்கிய சரக்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகாமல், அதே களத்தில் காய்ந்த 82-ஐயும் அதற்குரிய விலையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பங்களின் உழைப்பு. உங்கள் பைகளில் விவசாயியின் சிரித்த முகத்தை அச்சடிக்கிறீர்கள். அந்த முகத்துக்கு உரியவர் எடைச் சீட்டோடு எத்தனை நாள் காத்திருந்தார் என்பதையும் ஒரு முறை விசாரியுங்கள்.

அராபிகா பூத்துப் பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். பூ விழுந்ததும் அடுத்த பறிப்பு எவ்வளவு தேறும் என்று சங்கத்தாருக்கு ஓரளவு தெரிந்துவிடும். பூத்துவிட்டதா என்று கேட்டு, நீங்கள் வாங்கும் சங்கத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள்.

இப்படிக்கு,
அந்த 79-ஐப் போட்டவன்