மகளின் வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மகளுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு நேராகப் படிக்கப் போய் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கவில்லை. இந்த மடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

13 வயது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி, கூடவே குமட்டல். ரத்தப் பரிசோதனை சரி, அல்ட்ராசவுண்டில் கல் இல்லை. "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காமல் சொல்கிறாள்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று வீடு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

குழந்தைகள் நல டாக்டர் அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. எங்கே வலிக்கிறது என்று என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதிவரச் சொன்னீர்கள். மூன்று வாரத்தில் அந்த நோட்டே பேசியது: கொழுப்பு அதிகமுள்ள சாப்பாட்டுக்குப் பிறகுதான் வலி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்கும் அடங்கவில்லை, மலம் கழித்தாலும் குறையவில்லை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையிலும் குறையில்லை என்று பார்த்த பிறகு, "கல் இல்லாமலே பித்தப்பை சரியாகச் சுருங்காமல் இருக்கலாம்" என்றீர்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

பித்தப்பை எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் ஹைடா ஸ்கேன் எடுத்த தம்பி, உங்களை மறக்கவே முடியாது. பித்தப்பையைச் சுருங்கவைக்கும் மருந்தை வேகமாக ஏற்றினால் நல்லபடி இருப்பவர்களுக்கும் வயிறு பிசையும், அளவும் தப்பாக வரலாம் என்று விளக்கி, ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றினீர்கள். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். அதில் பித்தப்பையாகத் தெரிந்த புள்ளி கடைசிவரை மங்கவே இல்லை. உள்ளே இருக்கும் பித்தநீரில் 35 முதல் 38 சதவீதமாவது வெளியேற வேண்டுமாம், இவளுக்கு 11. அதைக் கேட்டதும், "அப்போ நான் பொய் சொல்லலதானேம்மா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சர்ஜன் ஐயா, நீங்கள் அவசரப்படுத்தவில்லை. பித்தப்பையை எடுத்தாலும் சில பிள்ளைகளுக்கு வலி தொடரும், எடுக்காமலே சிலருக்குக் குறைந்துவிடும், அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று எங்கள் முகம் பார்த்துச் சொன்னீர்கள். மூன்று மாதம் காத்திருந்தோம். வலி விடவில்லை, எடை குறைந்தது. அப்புறம்தான் லேப்ராஸ்கோப்பியில், சின்னத் துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்தீர்கள். மறுநாளே வீடு வந்தோம். முதல் இரண்டு வாரம் வயிறு இளகிப் போனது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

வார்டு நர்ஸ் அக்காக்களுக்கும், கேட்காமலே வகுப்பை விட்டு வெளியே போகலாம் என்று அனுமதித்த வகுப்பாசிரியைக்கும் எங்கள் வணக்கம்.

டாக்டர் அம்மா, அந்த நோட்டை அவள் தூக்கிப் போடவில்லை. மீதிப் பக்கங்களில் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள்.

அன்புடன்,
அவளுடைய அம்மா