ஆடியைத் தவறவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

காய்கறி போட நீ நினைத்திருக்கும் வீட்டுத் தோட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 10 அடி அகலம், 12 அடி நீளம் என்கிறாய். செங்கல்பட்டில் இதுவே ஜமீன்தான். "கார்த்திகை முடியப்போகுது, இனிமே போட்டா வருமாக்கா?" என்று கேட்டிருந்தாய். நீ குடிபோனதே ஐப்பசியில். ஆடிப்பட்டம் என்கிற விதைப்புப் பருவம் உன் கையில் எப்போது இருந்தது, அதை விட்டுவிட்டதாக வருத்தப்பட?

வருகிறதும் வராததும் மாதத்தைவிட உன் வீட்டுச் சுவரைப் பொறுத்தது. வீடு தெற்குப் பார்த்தது, தோட்டம் வடக்கே. ஆடியில் சூரியன் தலைக்கு மேலேயே இருப்பதால் சுவர் நிழல் உனக்குத் தொந்தரவில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 13 அடி உயரம் என்றால், உச்சிவேளையிலேயே 9 அடிக்கு மேல் நிழல் விழும். உன் 12 அடியில் வெயில் படுவது வேலியோரத்து இரண்டு மூன்று அடிதான். நாளைக்கு மதியம் 12 மணிக்கு வெளியே போய், நிழல் முடிகிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடு. தை பிறந்ததும் அந்தக் கோடு சுவர்ப்பக்கமாக நகர ஆரம்பிக்கும். மாசி தொடக்கத்தில் 6 அடி, பங்குனி தொடக்கத்தில் மூன்றரை அடி. கோடு நகர நகர நீயும் பின்னால் விதைத்துக்கொண்டே போ. ஒரே நாளில் முழுப் பாத்தியையும் நிரப்பாதே.

இப்போது வேலியோரத்து வெயிலில் கீரையும் முள்ளங்கியும் போதும். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். வெந்தயக்கீரைக்குக் கடைக்குப் போகவேண்டாம், அஞ்சறைப்பெட்டி வெந்தயமே முளைக்கும். கொத்தமல்லிக்கு இந்தக் குளிர் ரொம்பப் பிடிக்கும். தனியாவை உருட்டுக்கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்துப் போடு. முள்ளங்கியில் பூசா சேட்கி ரகம் கிடைத்தால் வாங்கு. 40, 45 நாளில் கிழங்கு பிடிக்கும், பின்னால் வெயில் ஏறினாலும் தாங்கும். கீரை விதையை மணலோடு கலந்து தூவு, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். எறும்பு இழுத்துக்கொண்டு போகும். பாத்தி ஓரமாக அரிசிக் குருணை தூவிவிட்டால் அதில் மும்முரமாகிவிடும்.

மழை விட்ட மறுநாளே கொத்தக் கிளம்பாதே. ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்துக் கீழே போடு. உதிர்ந்தால் கொத்தலாம், அப்படியே உட்கார்ந்தால் இரண்டு நாள் பொறு. பாத்தியை அரையடி மேடாகக் கட்டு. நான் ஒரு வருஷம் அவசரப்பட்டு, தூறலிலேயே தட்டைப் பாத்தியில் அரைக்கீரை தூவினேன். ராத்திரி கொட்டிய மழையில் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய், பத்து நாள் கழித்து துளசி மாடத்தைச் சுற்றிப் பச்சைக் கம்பளமாக முளைத்தது. பாத்தியில் ஒன்றுகூட இல்லை. உன் மாமா துளசி மாடத்தில்தான் கீரை பறித்துக் கொடுத்தார்.

தக்காளியும் கத்தரியும் இப்போது நாற்றாக இருக்கட்டும். மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை, நாற்றுத்தட்டை அங்கே வை. இன்று விதைத்தால் தக்காளி 25 நாளில் தயார், கத்தரிக்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள். பொங்கல் கழிந்ததும் நிழல் விலகிய இடத்தில் நடலாம். மாசியில் விதைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பூ வைக்கும்போது அக்கினி வெயில் வந்து பூவைக் கொட்டிவிடும். நாற்றுத்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது, நின்றால் தண்டு அடியில் கறுத்துச் சாயும். விதையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி) கலந்து போடு.

பாகல், புடலை, பீர்க்கு மூன்றுக்கும் ஆடியைப் போலவே தையும் பட்டம்தான். அதில் நீ எதையும் இழக்கவில்லை. ஆனால் உன் இடத்துக்கு ஒரு கொடி போதும். ஒரு குழியில் நாலு பாகல் விதை, முளைத்ததும் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கு. பிடுங்க மனசு வராது, தெரியும். பிடுங்கு.

உண்மையில் நீ இழந்தது ஒன்றுதான், பந்தல் அவரை. பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஆடியில் போட்டால், அதற்குள் பந்தல் நிறையக் கொடி ஓடியிருக்கும், அப்புறம் பூத்துத் தள்ளும். இப்போது போட்டால் முழங்கால் உயரத்திலேயே நாலு பூ வைக்கும். இல்லையென்றால் அடுத்த கார்த்திகை வரை வெறும் கொடிதான். அவரை தின்றே ஆகவேண்டும் என்றால் செடி அவரை கேட்டு வாங்கு, அது மாதம் பார்க்காது. ருசி நம் வீட்டுப் பந்தல் அவரைக்குக் கால்தூசி என்பது என் கட்சி.

சுவரோரம் பங்குனி வரைக்கும் வெயில் படாத 3 அடியை என்ன செய்வது என்று கேட்பாய். காய்ந்த இலையையும் காய்கறித் தோலையும் அங்கே கொட்டி மூடு.

இங்கே கிணற்றடிப் பந்தலில் இருபது அவரைக்காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டு வை, வண்டு விழாது. ஆடி வரைக்கும் அது உன் வீட்டு அடுக்களையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா