மழையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவரை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மழை. ஆள் எப்படி ஆடினார் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை.

1963-இல் நேட்டால் மாகாணத்தின் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றவரை, இந்திய வம்சாவளி என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் போய், நிறவெறி நாட்டை விளையாட்டுகளிலிருந்து ஒதுக்கவேண்டும் என்ற குரலுக்கு வலுச் சேர்த்தது. எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கோப்பையை இரக்கப்பட்டு யாரும் கொடுக்கவில்லையே! வெள்ளை வீரர்கள் அத்தனை பேரையும் முந்தி அவர் எடுத்தது அது.

அவருடைய பிடியைப் பற்றியாவது எழுதியிருக்கலாம். வலது கை ஆட்டக்காரர் கோல்ஃப் மட்டையை இடது கை மேலேயும் வலது கை கீழேயுமாகப் பிடிப்பார். கிரிக்கெட் மட்டையும் அப்படித்தான். பாப்வா நேர்மாறு. வலது கை மேலே, இடது கை கீழே. கட்டுரையைப் படித்து முடித்ததும் பேரனின் கிரிக்கெட் மட்டையை வாங்கிக் கைகளை மாற்றிப் பிடித்து வீசிப் பார்த்தேன். முழங்கை முறுக்கிக்கொண்டு, பந்து கொல்லைப்புறம் போய்விட்டது. பேரன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம். குழிக்கு அருகில் பந்தை மெல்லத் தட்டும்போது மணிக்கட்டு அசையாமல் இருப்பதற்காக இன்றைய முன்னணி வீரர்கள் சிலர் இப்படிப் பிடிப்பதுண்டு. முழு வீச்சுக்கும் அந்தப் பிடியையே வைத்துக்கொண்டு ஒருவர் பன்னாட்டுப் போட்டிகளை வென்றார் என்பது சாதாரணமா? கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தன் கைக்கு வந்ததைத் தானே பழகிக்கொண்டார். பழகியதை மாற்றவும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர். கோல்ஃபிலோ சக ஆட்டக்காரரின் அடிக் கணக்கைக் குறித்துக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். பிழைப்புக்கு மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கினார். (‘கேடி’ என்று கட்டுரையில் போட்டிருந்தீர்கள். தமிழில் அதற்கு வேறு பொருள் இருப்பதை அச்சுக்கோக்கும்போது யாரும் கவனிக்கவில்லை போலும்.) யார் யாருக்கு அவர் பை தூக்கினாரோ, அவர்களில் ஒருவர் கிரஹாம் வுல்ஃப். ஓலே முகப்பூச்சை உருவாக்கிய வேதியியலாளர். 1959-இல் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனவர் அவர்தான்.

இங்கே ஒரு திருத்தம். டச்சு ஓப்பனை பாப்வா “ஒரு முறை” வென்றதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை: 1959, 1960, 1964. ஸ்பெயினின் செவே பாயஸ்தெரோஸ் பிற்காலத்தில் அதே போட்டியை வென்றதும் மூன்று முறைதான். செவே என்றால் கோல்ஃப் உலகம் எழுந்து நிற்கும். பாப்வா என்றால் குடை தேடுகிறது.

1965 பற்றி உங்கள் கட்டுரையில் பேச்சே இல்லை. அந்த ஆண்டு நேட்டால் ஓப்பனை அவர் இரண்டாம் முறை வென்றபோது, தோற்றவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை வீரர் கேரி பிளேயர். பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், பிஜிஏ மூன்றையும் ஏற்கெனவே வென்றிருந்தவர். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனையும் வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் பெற்ற மூன்றாவது மனிதரானவர். அப்படிப்பட்டவரை அவருடைய நாட்டிலேயே வீழ்த்தியவருக்கு அடுத்து என்ன கிடைத்தது? உள்ளூர்ப் போட்டிகளில் ஆட அனுமதி மறுப்பு. பாஸ்போர்ட்டும் பறிபோனது. என்னைக் கேட்டால், மழையில் நிறுத்தியதைவிட இது பெரிய கொடுமை. மழை அன்றைக்கே விட்டிருக்கும்.

கோல்ஃப் வீரருக்கு ஆட்ட ஆயுள் நீளம். கேரி பிளேயர் தன் மூன்றாவது மாஸ்டர்ஸை வென்றபோது வயது 42. அது 1978. அதே ஆண்டுதான் பாப்வா மாரடைப்பில் இறந்தார், ஐம்பதைத் தாண்டாமல், வறுமையில்.

பெயரைப் பற்றியும் ஒன்று. பாப்வா என்பது செல்லப்பெயர். ‘சேவ்சுங்கர்’ என்று நீங்கள் அச்சிட்டிருக்கும் முதற்பெயர் வேறொன்றுமில்லை, நம் சிவசங்கர்தான். ஒப்பந்தக் கூலிகளின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட குமாஸ்தாக்களின் கைங்கரியம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்களில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலி ‘மூட்லி’ ஆனதும் அதே நேட்டாலில்தான்.

டர்பனில் இன்று ஒரு கோல்ஃப் மைதானத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால் அந்த மழைப் படத்தை விட்டுவிடுங்கள். மட்டையைப் பிடித்திருக்கும் அவருடைய இரண்டு கைகளும் நன்றாகத் தெரிகிற படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்