அணை நீர்மட்டத்தோடு தண்ணீரின் கலங்கல் அளவையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நீலகிரி ஓடைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்து ஓடுவதால் நம் ஓடைகள் ஆரோக்கியமாக இருக்கின்றன என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நான் குன்னூர் வட்டாரத்தில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீரைத் தெளிய வைப்பதுதான் என் பிழைப்பு. செம்மண் கலந்து வரும் தண்ணீரில் படிகாரக் கரைசலை அளவாக விட்டால், மண் திரண்டு அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். அதில் ஒரு டம்ளர் குடிக்க யாரையும் நாங்கள் விட்டதில்லை. குளோரின் சேர்த்த பிறகுதான் குழாய்க்குப் போகும். சாக்கடைக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்து உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட்டும் தெரியாது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் அமில மழையால் மீன்கள் செத்துப்போன ஏரிகளில் தண்ணீர் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சோலைக்குள்ளிருந்து வரும் ஓடையைப் பாருங்கள். இலைமக்கு ஊறி, வடித்த டிக்காஷன்போல லேசான பழுப்பு நிறத்தில் ஓடும். அதில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் வாலில் மயிரிழைகள் நீட்டிய பூச்சிகள் ஒட்டியிருக்கும். மணலை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்களும் இருக்கும். அழுக்கு சேர்ந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். எங்கள் நிலையத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர் தெளிவானதுதான். கல்லைப் புரட்டினால் வழவழவென்று பாசி மட்டும் கையில் ஒட்டுகிறது. உங்கள் கட்டுரையின் கணக்குப்படி இந்த ஓடை நல்லது, சோலை ஓடை கெட்டது.

தெளிவைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிற நாள் என்று ஒன்று இருக்கிறது. படத்தில் ஓடைக்கரைப் புல் பனியில் கருகிக் கிடக்கிறது. அதாவது டிசம்பர் அல்லது ஜனவரியில் வந்திருக்கிறார்கள். அப்போது எந்த ஓடைதான் தெளிவாக இருக்காது? ஐப்பசி மழையில் வந்து பார்க்கட்டும். குடிநீரில் கலங்கல் 1 என்.டி.யூ. (தண்ணீர் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளக்கும் அலகு) இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மழை நாட்களில் எங்களுக்கு வந்து சேர்ந்த தண்ணீரில் மீட்டர் நூற்றுக்கணக்கில் காட்டியதை நானே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். சோலையும் புல்வெளியும் இருக்கிற சரிவிலிருந்து இப்படி மண் வராது. பொக்லைன் வைத்து வெட்டிய சரிவிலிருந்து வருகிறது. சரிவோடு மேலிருந்து கீழாக வரப்பு போட்ட உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து வருகிறது. அந்த மண் கல்லிடுக்குகளை அடைத்துப் பூச்சியையும் மீன் முட்டையையும் மூடிவிடும். மழை விட்டதும் தண்ணீர் தெளிந்துவிடும். மூடிய மண் அங்கேயே கிடக்கும்.

கேரட் கழுவிய சேற்றுத் தண்ணீரை ஓடையில் விடுவது பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன். அது வெளிவரவில்லை. தங்கும் விடுதி ஒன்றின் கழிவுத்தொட்டி ஓடையில் வழிவது பற்றியும் எழுதினேன், அதுவும் வரவில்லை. மலர்க்கண்காட்சிக்கு ஆண்டுதோறும் முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அருவியில் வெள்ளம் வந்தால் முதல் பக்கத்தில் படம் போடுகிறீர்கள். அந்த வெள்ளம் ஏன் செம்மண் நிறத்தில் விழுகிறது என்று படத்துக்குக் கீழே ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. மலையில் இருக்கிறவர்களும் உங்கள் வாசகர்கள்தானே ஐயா? இத்தனை வருடம் சந்தா கட்டியவன் என்பதால் கேட்கிறேன்.

எங்களோடு முடிகிற விஷயமும் இல்லை இது. எங்கள் மலையின் குந்தா பக்கத்து மண், கீழே இருக்கும் பில்லூர் அணையில் போய்ப் படிகிறது. அணையின் நீர்மட்டம் 100 அடியில் இத்தனை அடி என்று தினமும் போடுகிறீர்கள். அதில் சேறு எத்தனை அடி என்று போடுவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் கோவை குடிக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கலங்கல் அளவைக் குடிநீர் நிலையங்களில் தினமும் எடுத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். உங்கள் நிருபர் கேட்டு வாங்கினால், நீர்மட்டம் போடும் அதே கட்டத்தில், வாரம் ஒரு முறையாவது அந்த எண்ணையும் சேர்த்துப் போடலாம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை எழுதிய அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் நிலைய ஊழியர்,
குன்னூர் வட்டம், நீலகிரி.