5400 போட்டால் சார்ஜ் நிற்குமா?

அன்புள்ள கண்ணு,

சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 7200 சுற்று சுழலும்) ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுழலும் 5400 போடட்டுமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட்டு வாங்கிவிடாதே. முதலில் கணக்கைப் பார்.

லேப்டாப்பின் இரண்டரை இன்ச் டிஸ்க் சும்மா சுழலும்போது ஏறக்குறைய 1 வாட் இழுக்கும். வேலை செய்யும்போது இரண்டு, இரண்டரை. 7200-க்கும் 5400-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அரை வாட்டுக்குள்தான். உன் பேட்டரி 50 வாட்-அவர், லேப்டாப் மொத்தம் இழுப்பது 10 வாட் என்று வைத்துக்கொள்: 5 மணி நேரம் வரும். டிஸ்க்கால் 0.3 வாட் கூடினால் 4 மணி 51 நிமிஷம். போனது ஒன்பது நிமிஷம். திரை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அது திரும்ப வந்துவிடும். அதோடு, கேட்ட தகவல், அதைப் படிக்கும் தலைக்கு (ஹெட்) அடியில் சுழன்று வர 7200-இல் சராசரி 4.17 மில்லி செகண்ட், 5400-இல் 5.56. டிஸ்க் தேடுகிற நேரமெல்லாம் திரையும் பிராசஸரும் விழித்துக்கொண்டு காத்திருக்கின்றன, அதற்கும் சார்ஜ்தான் செலவு.

சார்ஜைத் தின்பது வேகத்தைவிட, டிஸ்க்குக்கு ஓய்வே கிடைக்காததுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க், மெமரி (ரேம்) இரண்டையும் பார். மெமரி நிரம்பி வழிந்தால், விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. அப்படியென்றால் ரேம் கூட்டுவதுதான் வைத்தியம். வைரஸ் ஸ்கேன், பேக்கப் எல்லாம் சார்ஜர் செருகியிருக்கும்போது ஓடட்டும்.

பவர் ஆப்ஷன்ஸில் டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தை, பேட்டரியில் ஓடும்போது 5 முதல் 10 நிமிஷத்துக்குள் வை. ஒரு நிமிஷம் என்று வைக்காதே. நின்ற டிஸ்க் மறுபடி கிளம்பும்போது 5 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர், அதாவது 5 வாட், சில செகண்டுக்கு இழுக்கும். அடிக்கடி நின்று கிளம்பினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று, காதைக் கொடுத்துக் கேள். அடிக்கடி 'டிக்' சத்தம் வருகிறதா? சில டிஸ்க்குகள் மின்சாரம் மிச்சப்படுத்த, சில செகண்ட் சும்மா இருந்தாலே தலையை ஓரம் கட்டிவிடும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 120, எட்டு மணி நேரத்தில் 960. 3 லட்சம் தடவைக்கு உத்தரவாதம் உள்ள டிஸ்க்கில் அந்தக் கணக்கு ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் லோட் சைக்கிள் கவுண்ட் (தலை ஓரம் போன தடவைகள்) என்ற வரியைப் பார். எண் மளமளவென்று ஏறினால் டிஸ்க்கின் ஏபிஎம் (மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பு) அளவை 254 ஆக்கு. சார்ஜ் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, உன் ஃபைல்கள் முக்கியம்.

மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க்கின் அதே இணைப்பில் செருகும், சிப்பில் தகவல் வைக்கும் டிஸ்க்) வாங்கு. அதில் மோட்டாரே கிடையாது, சும்மா இருக்கும்போது இழுப்பது மிகச் சொற்பம். அது பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் கனம். உன் லேப்டாப்பில் இடம் 9.5 என்றால் ஆடும், ஸ்பேசர் சட்டம் ஒட்டிக்கொள். திறக்குமுன் பேட்டரியைக் கழற்ற மறக்காதே.

இதெல்லாம் செய்யுமுன் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடு. டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடித்த சார்ஜ்) 50 வாட்-அவர் என்று இருந்து, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கும் சார்ஜ்) 28 என்று காட்டினால் எந்த டிஸ்க் போட்டும் பயனில்லை, பேட்டரியைத்தான் மாற்றவேண்டும். அந்த இரண்டு எண்களையும், ரேம் எவ்வளவு என்பதையும் எழுதி அனுப்பு. அதுவரை எதையும் வாங்காதே.

அன்புடன்,
அம்மா