வார்டி கிளம்பிட்டான் மாப்ள

மாப்ள,

மூணு மாசமா உன் மெசேஜுக்குப் பதில் போடல, கோவிச்சுக்காத. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி சொன்னா, மனசு நிம்மதியாச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்தாச்சு. வீட்டு நியூஸ் அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை, 2025 மே 18, இங்க லெஸ்டர்ல நம்ம ஃபுட்பால் டீமோட கிங் பவர் ஸ்டேடியத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் ஒரு டிக்கெட் குடுத்தாரு. லெஸ்டருக்கு வார்டி ஆடுற கடைசி மேட்ச், இப்ஸ்விச் கூட. ரெண்டு டீமும் ஏற்கனவே பிரீமியர் லீக்ல இருந்து கீழ் டிவிஷனுக்கு ரெலிகேட் ஆனவங்க, மேட்ச்சுல ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணும் மாறப்போறதில்ல, ஆனா உள்ள போனா கோயில் திருவிழா மாதிரி கூட்டம். 28வது நிமிஷம் கோல் போட்டான் பாரு, 500வது மேட்ச்சுல 200வது கோல்! பக்கத்துல இருந்த கிழவர் ஒருத்தர் என் தோளைப் புடிச்சுட்டு அழுதாரு, எனக்கும் தாங்கல.

வேளச்சேரி ரூம் ஞாபகம் வந்துச்சு. 2016 மே 2, செல்சியும் டாட்டன்ஹாமும் 2-2, டாட்டன்ஹாம் ஜெயிக்காததால நம்ம லெஸ்டர் பிரீமியர் லீக் சாம்பியன், செல்சியோட ஹசார்ட் அந்தக் கோலப் போட்டதும் நான் கத்தின கத்துல கீழ்வீட்டுக்காரர் ராத்திரி ரெண்டரைக்குக் கதவைத் தட்டினாரே, நீ போர்வைக்குள்ள தூங்குற மாதிரி நடிச்சியே! சீசன் ஆரம்பத்துல 1 பவுண்டு கட்டினா 5000 பவுண்டுன்னு பெட்டிங்காரன் சொன்ன டீம்டா அது. அதுக்கு முந்தின சீசன் கிறிஸ்துமஸுக்கு டேபிள்ல கடைசி இடத்துல கிடந்தவங்க, கடைசி 9 மேட்ச்சுல 7 ஜெயிச்சு தப்பிச்சவங்க. இங்க கார் பார்க்கிங்ல தோண்டி எடுத்த அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜா மூணாம் ரிச்சர்டோட எலும்பை 2015 மார்ச்ல திரும்ப அடக்கம் பண்ணாங்க, அடுத்த வாரமே ஜெயிக்க ஆரம்பிச்சாங்க, இந்த ஊர்க்காரங்க அத இன்னும் சொல்லிட்டிருக்காங்க, நானும் நம்புறேன்.

வார்டிய ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப்ல 16 வயசுல குள்ளமா இருக்கான்னு அனுப்பிட்டாங்க. ஃபேக்டரில வேலை பாத்துக்கிட்டே வாரம் 30 பவுண்டுக்கு லோக்கல் டீம்ல ஆடினவன், 2012ல 10 லட்சம் பவுண்டுக்கு இங்க வந்தான். வரிசையா 11 மேட்ச்சுல கோல் அடிச்சு பழைய யுனைடெட் ஸ்ட்ரைக்கர் நிஸ்டெல்ராயோட ரெக்கார்டை உடைச்சானே, அதே நிஸ்டெல்ராய்தான் இந்த சீசன்ல மேனேஜரா வந்து டீமோட கூடவே இறங்கினாரு. ஹோம்ல வரிசையா 9 லீக் மேட்ச் தோத்தாங்க மாப்ள, ஒரு கோல் கூட போடாம. ஈஸ்டர் அன்னைக்கு லிவர்பூல் கிட்ட தோத்து கதை முடிஞ்சுது. அன்னைக்கு நான் சாப்பிடல.

எப்படி இப்படி ஆச்சுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கம் வரல. 2021ல எஃப்ஏ கப் ஜெயிச்சாங்க, டீலமன்ஸ் அடிச்ச அந்த ஒரு ஷாட், செல்சிக்கு எதிரா, அப்போ எல்லாம் சரியா போகுதுன்னு நினைச்சோம். காண்டே, மாரெஸ், மக்வயர்னு ஒவ்வொருத்தரா வித்து அந்தக் காசுல புதுசா ஆளத் தேடிப் புடிச்சுதான் ஓடினாங்க, அந்த மூளைதான் அவங்க சொத்து. அப்புறம் கொரோனா வந்து ஓனரோட டியூட்டி ஃப்ரீ கடைங்கல்லாம் படுத்துச்சு, சம்பளம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு, கான்ட்ராக்ட் முடியப்போற ஆளுங்கள நேரத்துக்கு விக்கல, டீலமன்ஸ் கடைசியில ஃப்ரீயா போனான். 2022ல ஷ்மைக்கேல், ஃபோஃபானா ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. லீக் ஜெயிச்சதுக்கப்புறம் 2023ல முதல் தடவை இறங்கினாங்க, கடைசி நாள் வெஸ்ட் ஹாமை ஜெயிச்சும் எவர்ட்டன் தப்பிச்சதால பிரயோஜனமில்ல. மறு வருஷமே சாம்பியன்ஷிப்னு சொல்ற செகண்ட் டிவிஷன ஜெயிச்சு மேல வந்தாங்க, அதோட மேனேஜர் செல்சிக்குப் போயிட்டாரு, திரும்பவும் இதே கதி. கைல இருந்தத இவங்களே நழுவ விட்டாங்கடா, அதான் எனக்கு ஆறல.

பழைய ஓனர் விச்சாய் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாருன்னு தோணுது. 2018 அக்டோபர் 27, வெஸ்ட் ஹாம் மேட்ச் முடிஞ்சு ஹெலிகாப்டர் ஸ்டேடியம் பக்கத்துலயே விழுந்துச்சு, அஞ்சு பேரும் போயிட்டாங்க. நான் இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, ஒருத்தரையும் தெரியாது. மறுநாள் காலைல பூ வாங்கிட்டுப் போனேன். சுவரோரமா பூவும் சட்டையும் ஸ்கார்ஃபும் குவிஞ்சு கிடக்கு, ஒருத்தரும் பேசல. எனக்கு முன்னாடி நின்ன குஜராத்தி பாட்டி ஒரு சின்ன பிள்ளையார் சிலைய அங்க வெச்சுட்டுக் கும்பிட்டாங்க. அன்னைக்குத்தான் இந்த ஊர் எனக்கு சொந்த ஊர் மாதிரி ஆச்சு, இத யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டதான் சொல்றேன்.

உங்க மான்செஸ்டர் யுனைடெட்டும் டேபிள்ல கீழதான் கிடக்கு, நாளைக்கு பில்பாவோல யூரோப்பா லீக் ஃபைனல் வேற. ஜெயிச்சா எனக்கு ராத்திரி போன் பண்ணாத, நல்லா தூங்குவேன்.

அடுத்த சீசன் செகண்ட் டிவிஷன்தான், ஆனாலும் சின்னவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப்போறேன். அவளுக்கு வார்டி பேரு மட்டும்தான் தெரியும். மேட்ச்சுல வாங்கின ஸ்கார்ஃப் ஒண்ண மச்சான்கிட்ட உனக்குக் குடுத்து விடறேன், ஜூலைல வர்றான். கட்டையன் கண்ணுல காட்டாத, வேளச்சேரில என் ஜெர்சிய எடுத்துட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரல.