ஆறு ஷீட்

செங்கோட்டை

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால், "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி செய்ய 18 மில்லி பிர்ச் பிளைவுட் ஆறு ஷீட்டுக்கு விலை விசாரிக்கச் சொன்னாய். விசாரித்தேன். நம் பக்கத்துக் கடைகளில் அந்தச் சரக்கு இல்லை. கொச்சியிலிருந்து வரவழைத்துத் தருவதாகப் பழைய பழக்கக்காரர் ஒருவர் சொன்னார். அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்த மரம் பெரும்பாலும் ரஷ்யாவில் வளர்வது. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்துக்குத் தடை போட்டது. இப்போது எந்த ஊர்ச் சரக்கு எந்த ஊர்ப் பெயரில் வருகிறது என்று மரக்கடைக்காரனுக்கே தெரியாது. மேல்தோல் மட்டும் பிர்ச், உள்ளே முழுக்க பாப்லர் என்ற வேறு மரம் வைத்தும் விற்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் விளிம்பைப் பார். 18 மில்லி என்றால் 13 அடுக்கு இருக்க வேண்டும், எல்லாம் ஒரே தடிமன், ஒரே நிறம். அப்படி இல்லையென்றால் திரும்பி வந்துவிடு.

இன்னொன்று. அந்த ஷீட் பெரும்பாலும் நம் பிளைவுட் மாதிரி எட்டுக்கு நான்கில் வராது, ஐந்துக்கு ஐந்து அடியில் வரும். நீ அனுப்பிய படத்தில் உள்ள பெட்டி 20 அங்குல அகலம், 18 உயரம், 11 ஆழம். தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். முன்பலகை, பின்பலகையோடு சேர்த்து ஒரு ஷீட்டில் இரண்டு பெட்டி தாராளமாக வருகிறது. அப்படியானால் ஆறு ஷீட்டுக்குப் பன்னிரண்டு பெட்டி. உன்னிடம் இருப்பது ஒரு கிட்டார்தானே?

நான் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கைச் சொன்னேன்.

நம் ஊர் பிளைவுட் போதாதா என்றால், போதும், பார்த்து வாங்கினால். கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்து ஆரியங்காவு வழியாக இறங்குவதில் ரப்பர் மரம்தான் அதிகம். அதில் தப்பில்லை. நடு அடுக்குகளைத் துண்டு துண்டாக ஒட்டி இடையில் சந்து விட்டுவிடுவார்கள், அதுதான் வினை. அலமாரிக்கு அது தெரியாது. உன் பெட்டிக்குள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அதிரும்போது அந்தச் சந்து வண்டு மாதிரி ரீங்கரிக்கும். ஐஎஸ்ஐ 710 முத்திரை இருக்கிறதே என்பான் கடைக்காரன். அந்த முத்திரை தண்ணீருக்குப் பசை விடாது என்பதற்கு. உள்ளே சந்து இல்லை என்பதற்கு அல்ல. விரல் முட்டியால் குறுக்கும் நெடுக்கும் தட்டிக்கொண்டே போ. சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அந்த ஷீட் வேண்டாம்.

எம்டிஎஃப் வாங்காதே, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. கனம், சென்னை ஈரத்துக்கு ஊதும், ஸ்க்ரூ பிடிக்காது. அதன் தூள் மாவு மாதிரி பறக்கும், பசையில் பார்மால்டிஹைடு வேறு. முகமூடி போடாமல் எதையும் அறுக்காதே. நம் மர மில்லுக்குள் கால் வைத்தாலே தும்முகிறவன் நீ. அதனால்தான் உன்னை அந்தப் பக்கம் விடாமல் படிக்க வைத்தோம். இப்போது படித்த படிப்பெல்லாம் ரம்பத்தூளில் வந்து நிற்கிறது.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு அம்மா மருமகளுக்குப் போன் செய்தபோது பின்னால் கட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டதாம். பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். பிளேடு மழுங்கியிருக்கிறது, மாற்றச் சொல், பக்கத்து வீட்டுக்காரரிடம்.

சரி, மரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1950-களில் பைன் பலகையில்தான் பெட்டி செய்தது, மூலைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து, என்று நீதான் காட்டினாய். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஹைஃபை பெட்டி அசையக் கூடாது, கிட்டார் பெட்டி கொஞ்சம் கூடவே பாட வேண்டும் என்றும் சொன்னாய். அப்படியானால் பைனே எடு. தூத்துக்குடியில் இறங்கும் நியூசிலாந்து பைன் உண்டு, காய்ந்த பலகையாகவே கேட்டு வாங்கலாம். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் இயந்திரம் வந்த பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். அதில் முத்திரையைத் தேடு. HT என்றால் சூடு காட்டிய மரம், உள்மரம் 56 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தது. MB என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயு அடித்தது, அதைத் தொடாதே. பெரிய கணு உள்ள பலகையையும் தள்ளிவிடு. காய்ந்தால் கணு கழன்று கடகடக்கும். முன்பலகை மட்டும் பிளைவுட்டாக இருக்கட்டும். ஸ்பீக்கரே மூன்று நான்கு கிலோ. பின்னால் டீ-நட் (பலகையில் பதியும் நட்) அடித்து போல்ட்டில் மாட்டு, மர ஸ்க்ரூ நாளாக ஆக இளகும். தேக்கு வேண்டவே வேண்டாம். கனம், எண்ணெய்ப் பசை, ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. மேலே ரெக்சின் ஒட்டி மூடப்போகிற பெட்டிக்குத் தேக்கு போடுகிறவன் பணத்தின் அருமை தெரியாதவன். உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மாதாமாதம் வங்கித் தவணை கட்ட வேண்டிய வீடு உன்னுடையது.

உன் பெட்டிப் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். மூலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இடுக்கில் ஒரு தாள் நுழையாது போலிருக்கே, எந்த ஆசாரி செய்தது?" என்றார். நான் சொன்னேன். அன்றைக்கு முழுக்க எனக்கு நன்றாக இருந்தது. அப்புறம் ராத்திரி படுத்த பிறகுதான், இவ்வளவு சுத்தமாகக் கோக்க எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான், ஆபீஸுக்குப் போகிறவனுக்கு ஏது அத்தனை நேரம் என்று ஓடியது. தூக்கம் வரவில்லை. முகமூடியை மட்டும் மறக்காதே.

கிணற்றடிப் பலாவை அறுத்து வைத்த பலகைகள் ஷெட்டில் இருக்கின்றன. உனக்கு வீடு கட்டும்போது நிலைக்கு என்று வைத்தேன், நீ ஃபிளாட் வாங்கிவிட்டாய். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது கணக்கு, அது இரண்டு மடங்கு காய்ந்திருக்கிறது. தஞ்சாவூரில் வீணைக்கே பலாதானே. இழைத்தால் மஞ்சளாக இருக்கும், போகப் போகக் காப்பி நிறத்துக்கு வரும். அதன் மேல் மட்டும் ரெக்சின் ஒட்டாதே. நான்கு பெட்டிக்கு வரும். அதற்குக் காசு கணக்குப் பார்க்காதே. மீதி எட்டுக்கு பைன் வாங்கிக்கொள்.

பார்சல் லாரியில் திங்கள்கிழமை போட்டால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சென்னையில் இறக்கிவிடுவான். பகலில்தான் வருவான், இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். வீட்டு விலாசம் எழுதட்டுமா, ஆபீஸ் விலாசமா? பகலில் நீ வீட்டில் இருப்பாய் என்றால் வீட்டுக்கே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அப்பா